பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டப் போகிறீர்களா?



சுந்தரபாண்டியத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி, கடன் தவணையை வரவு வைத்து, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டு வாசல்ல வேப்ப மரம் நிக்குது. பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. ஒரு ஊஞ்சல் கட்டிக் குடுக்கலாம்னு இருக்கோம். பழைய சேலை ஒண்ணு இருந்தா போதும்ல?"

"சேலையா? வேண்டவே வேண்டாம்" என்று பின்னாலிருந்து ஒரு மதினி குரல் கொடுத்தார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டுக் கூட்டமே அமைதியாகிவிட்டது. அவர் வீட்டில் கைக்குழந்தைக்காக உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போன நேரத்தில், 9 வயது மூத்த பையன் அதில் உட்கார்ந்து 'முறுக்கி விட்டு' விளையாடியிருக்கிறான். சுற்றச் சுற்றச் சேலை கயிறாகத் திரிந்து கழுத்தில் ஏறிவிட்டது. சத்தமே இல்லை. தறியில் இருந்த அப்பத்தா, "என்னடா பேச்சையே காணோம்" என்று எட்டிப் பார்த்ததுதான் அவன் பிழைத்த வழி. ஓடி வந்து பையனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தறிக்கு வைத்திருந்த கத்தரிக்கோலால் சேலையை அறுத்திருக்கிறார். பையன் இன்று நன்றாகப் படிக்கிறான். மதினி மட்டும் அதற்குப் பிறகு வீட்டில் சேலை கட்டித் தொங்கவிட்டதே இல்லையாம்.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சேலை ஊஞ்சலில் கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இறந்தவர்களில் பலர் கைக்குழந்தைகள் இல்லை. தம்பி தங்கச்சிக்குக் கட்டிய தொட்டிலில் விளையாடிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். கால் தரையில் எட்டுகிற உயரம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். கழுத்து இறுகினால் மூளைக்குப் போகிற இரத்தம் தடைபட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். நினைவு தப்பிய பிள்ளை காலை ஊன்றி நிற்க முடியாது. தொண்டை அடைத்திருப்பதால் கூப்பிடவும் முடியாது. நாலைந்து நிமிடம் போனால் மூளைக்கு மீளாத கெடுதல் வந்துவிடும். சேலைக்கும் துப்பட்டாவுக்கும் வேட்டிக்கும் இது பொதுதான். நாம் நெய்கிற துணிதான், நம் கையில் புழங்குகிற துணிதான். திரிந்துவிட்டால் அது துணி இல்லை, கயிறு.

சேலைத் தொட்டிலே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாம் எல்லாரும் அதில் தூங்கியவர்கள்தான். மேலே சேலையை விரித்துப் பிடிக்கத் தொட்டில் கம்பு போடுங்கள். குழந்தை தானாகப் புரளவும் எழும்பி உட்காரவும் ஆரம்பித்ததும் தொட்டிலை நிறுத்திவிடுங்கள். குழந்தையைத் தூக்கிய கையோடு சேலையை அவிழ்த்துவிடுங்கள், அல்லது பெரிய பிள்ளை எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தொங்குகிற வெறும் தொட்டில்தான் ஆபத்து.

சரி, அந்தத் தங்கச்சி வீட்டு ஊஞ்சலுக்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமைப்பிலிருந்து நாங்கள் நாலு பேரும், தெரிந்த ஆசாரி ஒருவரும் போனோம். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனது, பொழுது சாய்கிற வரை இழுத்துவிட்டது.

எந்த மரம், எந்தக் கிளை?

வேம்பு, புளி, பூவரசு நல்ல மரங்கள். முருங்கை வேண்டாம். பார்க்கப் பருமனாக இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும், போதாததற்குக் கம்பளிப்பூச்சி வேறு. தென்னைக்குக் கீழே ஊஞ்சலே ஆகாது. தேங்காயும் மட்டையும் விழுவதற்கு நேரம் காலம் கிடையாது.

கிளை குறைந்தது 8 அங்குலப் பருமன் இருக்க வேண்டும். மேல்நோக்கிப் போகாமல் படுக்கையாகப் போகிற கிளையாகப் பாருங்கள். கட்டுகிற இடம் தூரிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊஞ்சல் கோணிக்கொண்டு போய் மரத்தில் மோதும்.

தங்கச்சி வீட்டுக்காரர் முதலில் ஒரு கிளையைக் காட்டினார். நல்ல பருமன், பச்சைப் பசேல் என்று இலை. ஆசாரி ஏணி வைத்து ஏறி அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் 'டொப்' என்று சத்தம் வந்தது. பட்டையை நெம்பினால் உள்ளே கரையான் புற்றும் கையளவு பொந்தும்! கீழே நின்று பார்த்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறோம், மரம் தெரிந்தவர் ஒருவரை ஏற்றித் தட்டிப் பார்க்காமல் கயிறு போடாதீர்கள். குளவிக் கூடு, முசுறு, காய்ந்து தொங்குகிற கொப்பு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மரம் இல்லாத வீடுகளில் சிலர் காம்பவுண்டுச் சுவரில் கம்பி அடித்து, அல்லது செங்கல் தூணில் கட்டி ஊஞ்சல் போடுகிறார்கள். இது மரத்தைவிட மோசம். செங்கல் சுவர் மேலிருந்து வருகிற பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. ஆட ஆட அசைந்து ஒரு நாள் பிள்ளை மேலேயே சரியும். தகரக் கூரைக்குக் கொடுத்த பைப்பிலும் கட்டாதீர்கள்.

கயிறு

இரண்டு வயதுப் பிள்ளையின் எடை சுமார் 12 கிலோ இருக்கும் (அங்கன்வாடி அட்டையைப் பார்த்தால் உங்கள் பிள்ளையின் சரியான எடை தெரியும்). 12 கிலோவுக்கு எந்தக் கயிறும் தாங்குமே என்று தோன்றும். ஆனால் உயரமாக ஆடிக் கீழே வருகிற நேரத்தில் கயிற்றில் விழுகிற இழுப்பு எடையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரைகூடப் போகும். அதோடு, சின்னதற்குக் கட்டிய ஊஞ்சலில் பெரியது ஏறாமல் இருக்குமா? அப்பாவே ஏறி உட்காருகிறார்.

கிணற்றில் கிடந்த பழைய கயிறு, மாடு கட்டிய கயிறு இரண்டும் வேண்டாம். தென்னை நார்க் கயிறு நனைந்து நனைந்து உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும், பிள்ளையின் தோலையும் உரசும். அரை அங்குலப் பருமன் உள்ள புது நைலான் கயிறு நல்லது. அதிலும் இரண்டு குறை உண்டு. முடிச்சு வழுக்கும், வெயிலில் பொரிந்து போகும். வழுக்காமல் இருக்கக் கிளையில் இரண்டு சுற்று சுற்றி, இரண்டு முடிச்சு போட்டு, நுனியை ஒரு சாண் நீளம் விட்டுத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு வருடம் ஒரு முறையாவது கயிற்றை மாற்றுவதுதான் புத்தி. மாற்றும்போது பழைய கட்டு கிளையை இறுக்கியிருந்தால் அவிழ்த்துத் தள்ளிக் கட்டலாம், மரமும் பிழைக்கும்.

கிளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். உரசல் நடக்கிற இடத்தில்தான் கயிறு அறும். சங்கிலி போடுகிறவர்கள், பிள்ளை பிடிக்கிற இடத்தில் ரப்பர் குழாயை மாட்டுங்கள், விரல் நசுங்காது. 'எஸ்' கொக்கியின் வாயைச் சுத்தியலால் தட்டி முழுதாக மூடிவிடுங்கள். திறந்த வாயில் சட்டை மாட்டும்.

கயிறு இரண்டு தனித்தனி இடத்தில் கிளையில் கட்டப்பட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி இருக்கையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ஒரே இடத்தில் கட்டினால் ஊஞ்சல் சுற்றும், முறுக்கும். அந்த முறுக்கைப் பற்றித்தான் மேலே சொன்னோமே. மிச்சக் கயிறு சுருக்குப் போலத் தொங்கவும் கூடாது, வெட்டிவிடுங்கள்.

இருக்கை

வெறும் பலகை இந்த வயதுக்கு ஆகாது. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தெரியாது. கூரையில் காக்கை வந்து உட்கார்ந்தால் போதும், இரண்டு கையையும் விட்டுக் கை தட்டும். முதுகுக்குச் சாய்வு, இரண்டு பக்கமும் தடுப்பு, முன்னால் ஒரு கம்பு, இரண்டு காலுக்கும் நடுவில் கீழிருந்து வந்து அந்தக் கம்பில் சேருகிற பட்டை — இந்த நாலும் வேண்டும். காலுக்கு நடுவில் பட்டை இல்லாவிட்டால் பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கும், கழுத்து முன்கம்பில் மாட்டிக்கொள்ளும். கடையில் பிள்ளைகளுக்கென்று விற்கிற ஊஞ்சல் இருக்கையை வாங்கினாலும் இந்த நாலையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்தால் சட்டங்களுக்கு இடையில் விடுகிற சந்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டுச் சாமான்களுக்கு ஒரு அளவு சொல்லியிருக்கிறது. மூன்றரை அங்குலத்துக்கு மேல் 9 அங்குலத்துக்குள் எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. காரணம் எளிது. அந்த அளவுச் சந்தில் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை நுழையாது. தங்கச்சி வீட்டு இருக்கையில் முதுகுச் சட்டம் 4 அங்குல இடைவெளியில் இருந்தது. ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு சட்டம் அடித்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்து ஊஞ்சல் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் ஒரு நாள் பட்டென்று வெடிக்கும். அதை நம்பாதீர்கள்.

இருக்கையின் அடிப்பாகம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். "தாழக் கட்டினா அவளே ஏறிக்குவாள்ல" என்றார் வீட்டுக்காரர். அவளாக ஏறக் கூடாது என்பதற்குத்தானே இந்த உயரம்! யாரும் இல்லாத நேரத்தில் தானாக ஏறப்போய்ப் பட்டையிலும் கயிற்றிலும் மாட்டிக்கொள்வதுதான் நடக்கிறது. பெரியவர் தூக்கி வைத்தால்தான் ஊஞ்சல்.

எவ்வளவு இடம்?

கயிறு கட்டிய இடத்திலிருந்து இருக்கையின் அடி வரை எவ்வளவு நீளமோ, அதைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும். தங்கச்சி வீட்டில் கிளை 8 அடி உயரம், இருக்கை 2 அடியில். ஆக நீளம் 6 அடி, முன்னால் 12 அடி, பின்னால் 12 அடி. அளந்து பார்த்தால் முன்னால் 7 அடியிலேயே துவைக்கிற கல்! நாங்கள் நாலு பேரும் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டு நெம்பி அந்தக் கல்லைச் சுவரோரம் தள்ளிப் போட்டோம். தங்கச்சியின் மாமியாருக்குத்தான் மனசே இல்லை. "முப்பது வருசமா அங்கதான் கெடக்கு" என்றார். ஆனாலும் இடத்தைக் காட்டியவர் அவர்தான்.

ஆட்டுக்கல், தண்ணீர்த் தொட்டி, நிறுத்தி வைத்த வண்டி, பாவு போடுகிற சாமான், கம்பி வேலி எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். கிணறு இருக்கிற பக்கம் ஊஞ்சலே வேண்டாம். பெரிய பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற வழியிலும் வேண்டாம். ஊஞ்சல் மோதிப் பல் உடைவது ஆடுகிற பிள்ளைக்கு இல்லை, குறுக்கே போகிற பிள்ளைக்கு.

தரை

சிமெண்டுத் தளத்தின் மேலோ கல் பாவிய வாசலிலோ கட்டாதீர்கள். மிதித்து மிதித்து இறுகிய மண்ணும் சிமெண்டைப் போலத்தான். ஒரு அடி ஆழம் தோண்டி, கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, முக்கால் அடி உயரத்துக்கு மணல் அல்லது மரச்சீவல் போடுங்கள். ஆசாரி பட்டறையில் மரச்சீவல் கிடைக்கும், ஆணி கிடக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். தூசி கலந்த எம்-சாண்ட் மழை பட்டால் இறுகிவிடும். 12 அடிக்கும் மணல் போட வசதி இல்லையென்றால் ஊஞ்சலுக்கு நேர் கீழும் முன்பின் 6 அடியும் போட்டுவிட்டு, மீதி இடத்தைக் கொத்திப் பொலபொலப்பாக வையுங்கள். ஓரத்தில் செங்கல் அடுக்காதீர்கள், அதில்தான் போய் விழும்.

மணல் என்றால் பூனை வரும். மலையடிவாரம் என்பதால் தேளும் வரும். இரவில் பழைய சாக்கை விரித்து மூடிவிட்டு, காலையில் சாக்கை உதறி, ஒரு தடவை மணலைக் கிளறிப் பார்த்த பிறகு பிள்ளையைக் கொண்டுபோங்கள்.

பிள்ளை ஏறுவதற்கு முன்னால்

சிமெண்டுச் சாக்கில் 50 கிலோ மணலைக் கட்டி இருக்கையில் வைத்து, நன்றாக வீசி ஆட்டிப் பாருங்கள். நாங்கள் கால் மணி நேரம் ஆட்டினோம். ஒரு முடிச்சு இரண்டு விரல் அளவு இறங்கியது. அவிழ்த்து மறுபடி கட்டினோம். இந்தச் சோதனை இல்லாமல் பிள்ளையை உட்கார வைத்திருந்தால் அன்றே கோணிச் சாய்ந்திருக்கும்.

பிள்ளையின் கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, நீள மணி இருந்தால் ஊஞ்சலுக்கு வருமுன் கழற்றிவிடுங்கள். கண்ணேறு பற்றிய கவலை இருந்தால் தாயத்தை இடுப்பில் கட்டலாமே, சாமி கோவித்துக்கொள்ளாது. ஆட்டிவிடுகிறவர் தன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். மத்தியான வெயிலில் சங்கிலியும் பிளாஸ்டிக்கும் கொதிக்கும், புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

பின்னால் நின்று தள்ளுவதைவிட முன்னால் நின்று மெதுவாக ஆட்டினால் பிள்ளையின் முகம் தெரியும். பயப்படுகிறதா, தூங்கி வழிகிறதா என்று பார்க்கலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஆடாதீர்கள். விழுந்தால் நம் பாரம் முழுதும் பிள்ளை மேல்தான்.

மில்லுக்கும் வயலுக்கும் போகிற நமக்கு வீட்டில் இருக்கிற அப்பத்தாவோ ஆறாவது படிக்கிற மகளோதான் துணை. அதை ஒத்துக்கொண்டே சொல்கிறோம். அப்பத்தா கை எட்டுகிற தூரத்தில் இருந்தால் ஆடட்டும். அக்கா பொறுப்பில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவளும் பிள்ளைதான். ஆடி முடிந்ததும் இருக்கையைக் கழற்றி உள்ளே வையுங்கள், அல்லது உயரத்தில் தூக்கிக் கொக்கியில் மாட்டுங்கள். ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் மரத்தடிப் பக்கமே போக வேண்டாம். காற்று ஓய்ந்ததும், மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஆளை ஏற்றிக் கிளையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

விழுந்த பிள்ளைக்குத் தலையில் அடி என்றால் காபித்தூள், மஞ்சள் என்று எதையும் அப்பாதீர்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒரு தடவைக்கு மேல் வாந்தி, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தண்ணீர், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, விடாத அழுகை, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் இருப்பது — இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் பிள்ளை மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கழுத்து மாட்டிக்கொண்டால், முடிச்சை அவிழ்க்கப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். முதல் வேலை, பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பது. பாரம் குறைந்தாலே கழுத்து இறுக்கம் தளரும். கூவி ஆளைக் கூப்பிட்டு, துணியை அறுக்கச் சொல்லுங்கள். தலையும் கழுத்தும் மடங்காமல் தாங்கித் தரையில் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் கையை வைத்து, நொடிக்கு இரண்டு தடவை வீதம் அழுத்திக்கொண்டே இருங்கள். 108-ஐ அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் சொல்லுவார்கள். பிள்ளை கண் திறந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாமல் இருக்காதீர்கள், தொண்டை வீக்கம் பிறகுகூட வரும்.

தங்கச்சி வீட்டு ஊஞ்சலில் பொழுது சாய்கிற நேரத்தில்தான் பிள்ளையை உட்கார வைத்தோம். முதலில் உதட்டைப் பிதுக்கியவள், மூன்றாவது ஆட்டத்தில் சிரித்தாள். இறக்கும்போதுதான் அழுகை. அடுத்த கூட்டத்துக்கு அந்த மதினி ஒரு யோசனை கொண்டுவந்தார். கடன் தவணை கேட்க வீடு வீடாகப் போகும்போது, தொங்குகிற வெறும் தொட்டில் இருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்து வரலாம் என்று. தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் வாரத்திலேயே நாலு வீட்டில் அவிழ்த்தாயிற்று.